ரெண்டும் இருக்கலாம் என்றவர்

திங்கட்கிழமை காலை, கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். வெள்ளிமலை பேருந்தின் நடத்துநர் என்னைப் பார்த்ததும் படியிலிருந்து இறங்கி வந்தார்.

"உங்க டீச்சர் பூட்டாங்கப்பா. நேத்து சாயங்காலம். ஹார்ட்டாம்."

ஜெசிந்தா அக்கா ஆசிரியை இல்லை. மனநல ஆலோசகர். நடத்துநருக்கும் அது தெரியும். அந்த வேலையின் பெயரைப் பேருந்தில் சத்தமாகச் சொல்வது அவருக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது. அதனால் டீச்சர். அக்கா பலமுறை திருத்திப் பார்த்துவிட்டுக் கைவிட்டார்.

அவரை அறிந்தவர்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்களில் பலர் அவரை எங்கே சந்தித்தீர்கள் என்று வெளியே சொல்ல மாட்டீர்கள். அதுவும் தெரியும்.

நான் சொல்கிறேன். சென்னையில் முதுகலை முடித்துவிட்டு ஊர் திரும்பிய ஆண்டு, எனக்கு மாரடைப்பு வந்துகொண்டே இருந்தது. பேருந்தில். சந்தையில். முடிவெட்டும் கடையில், கழுத்தில் துணி கட்டியபடி. நெஞ்சு அடிக்கும், கை மரத்துப்போகும், இதோ சாகப்போகிறேன் என்று உறுதியாகத் தெரியும். போன இடமெல்லாம் ஈசிஜி எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. "ஒண்ணும் இல்லன்னுட்டாங்களே, அப்புறம் இன்னா?" என்றார் அப்பா. அம்மா மணிக்கட்டில் கயிறு கட்டினார். கடைசியாக ஒரு மருத்துவர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு எழுதிக்கொடுத்தார்.

அந்த அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு. அதில் உட்கார்ந்தால், நாம் வீடு சேர்வதற்குள் செய்தி வீட்டுக்குப் போய்விடும். சின்ன ஊர். நான் உட்காரவில்லை. வெளியே வந்து தேநீர்க் கடையில் நின்றேன். என் பெயர் எழுதிய சீட்டோடு, அங்கே ஆலோசகராக இருந்த ஜெசிந்தா அக்காவே கடைக்கு வந்தார். இரண்டு தேநீர் சொன்னார்.

"பெஞ்சுதானே பிரச்சனை? வியாழக்கிழமை நான் மலைக்குப் போறேன். அந்த பஸ்ல வா. பஸ்சு எல்லாருக்கும் பொது."

அப்படித்தான் அவர் வேலை செய்தார். கல்வராயன் மலைக் கிராமங்களுக்கு வாரம் ஒருமுறை போக வேண்டியது அவர் பணி. போகும் வழியையும் பணியாக்கிக்கொண்டார். இடப்பக்கம் இருவர் இருக்கை. ஜன்னலோரம் வந்தவருக்கு. ஒரு நிறுத்தத்தில் ஒரு பெண் ஏறுவார், அக்கா பக்கத்தில் உட்காருவார், பேசுவார், சில ஊர்கள் தள்ளி இறங்கி எதிர்ப் பேருந்தில் வீடு திரும்புவார். அடுத்த நிறுத்தத்தில் வேறொருவர். பார்ப்பவர்களுக்கு இரண்டு பயணிகள். அவ்வளவுதான்.

"மூஞ்சியப் பாத்தா பொய் சொல்லத் தோணும். ரோட்டப் பாத்துக்கினு பேசு" என்பார்.

முதல் பயணத்தில் கச்சிராயபாளையம் தாண்டும் முன்பே எனக்கு வந்துவிட்டது. இறங்க வேண்டும் என்று எழுந்தேன். அவர் என் கையைப் பிடிக்கவில்லை. ஆறுதல் சொல்லவில்லை.

"இறங்கு. இறங்கினா உடனே சரியாயிடும். அப்புறம் உன் உடம்பு இன்னா கத்துக்கும்? இறங்கினதாலதான் பொழச்சோம்னு கத்துக்கும். நாளைக்கு வூட்ட வுட்டே இறங்க மாட்ட. ஒக்காந்து பாரு. ஏறும், உச்சிக்குப் போவும், தானா இறங்கும். இந்த பஸ்சு மாதிரிதான்."

உட்கார்ந்தேன். அழுதேன். முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்து, "வாந்தி வருதாப்பா? எலுமிச்சம்பழம் இருக்குது" என்றார். வாங்கி முகர்ந்துகொண்டேன். மலையின் முதல் வளைவில் நெஞ்சு அடங்கத் தொடங்கியது. எதுவும் செய்யாமல். அதை என்னால் நம்ப முடியவில்லை.

என் ஈசிஜி தாள்களை அவர் கேலி செய்யவில்லை. "எடுத்தது நல்லது. மொதல்ல நெஞ்சப் பாத்துடணும். அப்புறம்தான் மனசு. ஒண்ணு இருந்தா இன்னொண்ணு இருக்காதுன்னு யாரு சொன்னா? ரெண்டும் இருக்கலாம்."

இந்த வாக்கியத்தை அவர் எல்லா இடத்திலும் பயன்படுத்தினார். பேசிப் பார்க்கும் சிகிச்சை போதும், மாத்திரை வேண்டாம் என்று நான் அடம்பிடித்தபோது. மருத்துவர் மாத்திரை எழுதிய பிறகு, இனி பேச என்ன இருக்கிறது என்று கேட்டபோது. மலையில் ஒரு வீட்டிலும்.

அந்த வீட்டு இளைஞனுக்குக் காதில் குரல்கள் கேட்டன. அவனைக் கோடாங்கியிடம் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் குறி சொல்லி, பூசை செய்து, திருநீறு கொடுப்பவர். மாத்திரை அட்டை பிரிக்காமல் கூரையில் செருகிக் கிடந்தது. அக்கா சண்டை போடுவார் என்று காத்திருந்தேன். அவர் நேராகக் கோடாங்கி வீட்டுக்குப் போனார். பூசை முடிந்ததும் திருநீற்றோடு இந்த மாத்திரையையும் உங்கள் கையாலேயே கொடுங்கள் என்றார். கோடாங்கி சிரித்தார்.

"நான் குடுத்து சரியாச்சுன்னா உன் பேரு கெட்டுப்பூடுமே டீச்சரு?"

"எம் பேரு கெடட்டுங்க. மாத்திர உள்ள போவட்டும்."

போனது. சில மாதங்களில் அவன் மரவள்ளிக் காட்டுக்கு வேலைக்குத் திரும்பினான். பெயர் கோடாங்கிக்குத்தான்.

கருணாபுரத்தில், கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, எல்லோரும் வந்தார்கள். பிறகு எல்லோரும் போனார்கள். அக்கா போய்க்கொண்டிருந்தார். கணவனைப் பறிகொடுத்த ஒரு பெண் வாசலை மறித்து நின்று கேட்டாராம்: "நீ இன்னா பாக்க வந்த? அழுவுறனா இல்லியான்னா?" தூங்குகிறீர்களா என்று கேட்க வந்தேன் என்றாராம் அக்கா. அந்தப் பெண் வழிவிட்டார். அதுவரை யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

அவரும் மாத்திரை சாப்பிட்டார். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு வந்த மனச்சோர்வு. போய்விட்டு, திரும்பி வந்து, நிலைத்துவிட்டது. மறைக்கவில்லை. ஒருநாள் பேருந்திலேயே அட்டையைப் பிரித்து விழுங்கினார். பின் இருக்கையில் பூக்காரப் பெண் ஒருவர்.

"இன்னா மாத்திர டீச்சர், சுகரா?"

"இல்லக்கா. மனசுக்கு."

மாயம்பாடி தாண்டியதும் பூக்காரப் பெண் இருக்கை மாறி வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். எங்க வூட்ல ஒருத்தி இருக்கா டீச்சர் என்று தொடங்கினார்.

"பாத்தியா? ஒருத்தர் சொன்னா இன்னொருத்தர் சொல்லுவாங்க" என்றார் அக்கா என்னிடம், பிறகு. "நீயும் சொல்லு. கேக்கற எடத்துல மறைக்காத."

இனி நடந்ததை அவர் கணவர் தாஸ் அண்ணன் சொல்லக் கேட்டேன். ஞாயிறு, மாதா கோயிலில் பூசை முடிந்து வரும்போதே தாடை வலி. தோள் வலி. வியர்வை. ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனார்கள். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று பணியிலிருந்த மருத்துவர் கேட்டார். கேட்ட இடத்தில் அக்கா மறைக்கவில்லை.

அதற்குப் பிறகு மருத்துவர் அவர் நெஞ்சைப் பார்க்கவில்லை. மாத்திரையின் பெயரைத்தான் பார்த்தார்.

"டென்ஷன்தாம்மா. நீங்களே கவுன்சிலர். உங்களுக்குத் தெரியாததா?"

"ரெண்டும் இருக்கலாம் டாக்டர். ஒரு ஈசிஜி எடுத்துடுங்க."

நாளைக்கு வாங்க, எடுக்கலாம் என்றாராம். வாயுவுக்கு ஒரு மாத்திரை. ஓய்வெடுக்கச் சொல்லி ஓர் ஊசி. வீட்டுக்கு வந்து படுத்தவர் சாயங்காலம் எழவில்லை.

எனக்கு மனசில் நோய் இருந்தது. எல்லோரும் என் நெஞ்சையே பார்த்தார்கள். அவருக்கு நெஞ்சில் நோய் இருந்தது. ஒருவரும் பார்க்கவில்லை. கதையாக யாராவது எழுதிக் கொடுத்திருந்தால், இவ்வளவு பொருத்தம் கூடாது என்று நானே பேனாவால் அடித்திருப்பேன்.

அடக்கம் அவர் சொந்த ஊரான களமருதூரில். நல்ல கூட்டம். பேருந்தில் பேசியவர்கள் பலர் வந்திருந்தார்கள், ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள்போல நின்றார்கள். எப்படிப் பழக்கம் என்று யாரோ கேட்டதற்கு, பூக்காரப் பெண், "எங்கிட்ட பூ வாங்குவாங்க" என்றார். அக்கா பூ வைத்து நான் பார்த்ததில்லை.

நினைவுக் கூட்டத்தில் நான் பேசுவதாக இருந்தது. அக்காவின் அண்ணன் என்னைத் தனியே அழைத்தார். கண் வீங்கியிருந்தது. கெட்ட மனிதர் இல்லை.

"தம்பி, அந்த மாத்திர விஷயம் மட்டும் வேணாங்க. பொண்ணு இருக்குது. நாளைக்கு எடம் பாக்கணும்."

அக்காவின் மகளைப் பார்த்தேன். கல்லூரியில் படிக்கிறாள். காதில் விழுந்திருக்க வேண்டும். தலை நிமிரவில்லை. அன்று நான் பேசவில்லை. மற்றவர்கள் பேசினார்கள். தியாகம் என்றார்கள். புன்னகை என்றார்கள். அவர் எதற்காக வாழ்ந்தார் என்பதும் எதனால் செத்தார் என்பதும் அந்தப் பந்தலில் சொல்லப்படவில்லை.

வெளியே தாஸ் அண்ணனிடம் கேட்டேன், எழுதலாமா என்று.

"சொன்னதாலதான் செத்தா. அந்த ஒரு வார்த்தைய முழுங்கியிருந்தா இன்னிக்கி இருப்பா. அதையும் சேத்து எழுதுவியா? எழுதறதுன்னா எழுது. பொண்ணும் எழுதச் சொல்றா."

எழுதிவிட்டேன். கேட்ட இடத்தில் மறைக்காதே என்றவரை, மறைக்காததே கொன்றது. இதற்குமேல் ஆறுதலாக ஒரு வரி எழுத எனக்குத் தெரியவில்லை. தெரிந்தாலும் எழுத மாட்டேன்.

சென்ற வாரம் எனக்கு மறுபடி வந்தது. நெஞ்சு, கை, வியர்வை. பழையதாகத்தான் இருக்கும். அப்படித்தான் அக்காவையும் நினைத்தார்கள். மருத்துவமனைக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் செவிலியர்.

"வேற எதுனா மாத்திர சாப்புடறீங்களா?"

இல்லை என்பது சின்னச் சொல். எனக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள்.

"சாப்புடறேன். மனசுக்கு" என்றேன்.

அவர் பேனா நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகம் மாறுவதைப் பார்த்தேன். அது எனக்குப் பழக்கமான மாற்றம்.

ஜெசிந்தா அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது இரண்டு சொற்கள். அவற்றைச் சொன்னேன். பிறகு, அவருக்குச் சொல்ல வாய்க்காததை நான் சேர்த்துக்கொண்டேன்.

"ரெண்டும் இருக்கலாம். ஈசிஜி எடுங்க. எடுக்கற வரைக்கும் நான் இங்கதான் ஒக்காந்திருப்பேன்."

உட்கார்ந்தேன். எல்லோரும் பார்க்கும் பெஞ்சில்.