பிரிஞ்சாங்கில் கார் நிறுத்த இடம் தேடிய நாள்

பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை. விடியற்காலை ஐந்து மணிக்குப் பந்திங்கிலிருந்து புறப்பட்டோம். நானும் என் மனைவி சரஸும் மட்டும். பின் சீட்டில் ஒரு துணிப்பை, இரண்டு போர்வை. சரஸின் மடியில் ஒரு எவர்சில்வர் தட்டு. தட்டில் புதுச் சேலை, மஞ்சள், வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம்.

கேமரன் மலைக்குப் போகிறவர்கள் ஸ்ட்ராபெரி தின்னவும் குளிரில் நடக்கவும் போவார்கள். நாங்கள் பிரிஞ்சாங்குக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் என் அக்காவுக்குக் கோடி போடப் போனோம். அக்காவின் கணவர், எனக்கு மச்சான், இறந்து அன்று பதினாறாம் நாள். எங்கள் ஜனங்களில் அன்றைய காரியத்துக்குப் பெண்ணின் பிறந்த வீட்டுச் சேலை வர வேண்டும். கூடப் பிறந்தவன் கொண்டுவர, அவன் மனைவி அதைப் போர்த்த வேண்டும். அதற்குப் பிறகுதான் தாலியை இறக்குவார்கள். அக்காவுக்கு நான் ஒரே தம்பி. அப்பாவும் அம்மாவும் இல்லை. நாங்கள் இருவரும் போய்ச் சேராமல் அங்கே எதுவும் நடக்காது. பன்னிரண்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

சேலையைக் கிள்ளானில் வாங்கினோம். விலை நூற்றுப் பத்து வெள்ளி. கடைக்காரர் வெள்ளைச் சேலையை எடுத்துப் போட்டார். சரஸ் அதைத் தள்ளிவிட்டுச் சந்தன நிறத்தில் ஒன்றை எடுத்தாள். "அண்ணி இன்னும் வேலைக்குப் போகணும். ரோட்டுல நாலு பேரப் பாக்கணும்" என்றாள்.

எட்டு மணிக்குத் தாப்பாவில் பசியாறினோம். அங்கிருந்து பழைய மலை ரோடு. ரிங்லெட்டுக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். முழுவதும் வளைவு. ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் பள்ளத்தில் ஆறு. வழியில் பூர்வகுடி மக்கள் கொட்டகை போட்டுக் காட்டுத்தேனும் பெத்தாய்க் காயும் விற்கிறார்கள். நான் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். வளைவு எனக்குப் பெரிதில்லை. சரஸ்தான் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். பழம் சரிந்தால் கட்டை விரலால் தடுப்பாள்.

பத்து மணிக்கு ரிங்லெட். அதுவரை நேரம் சரியாகத்தான் இருந்தது. அணைக்கட்டு ஏரியைத் தாண்டியதும் கார்கள் நின்றுவிட்டன. பின்னால் பார்த்தால் அதற்குள் ஒரு வரிசை. மச்சான் இறந்த அன்று நான் வேலை நாளில் வந்தேன். இதே ரோடு காலியாகக் கிடந்தது. அந்த நினைப்பிலேயே புறப்பட்டது என் தப்பு. பிரிஞ்சாங்குக்குப் பதினெட்டு கிலோமீட்டர் போக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

பன்னிரண்டே காலுக்கு அக்காவின் மகள் தேவி போன் செய்தாள்.

"மாமா, எங்க இருக்கீங்க? காரியம் செய்ய வந்த பண்டாரம் ஏசுறாரு. அடுத்த எடத்துக்குப் போகணுமாம்."

"தானா ராத்தா தாண்டிட்டோம்மா."

"காடியத் தோட்டத்துக்குள்ள கொண்டு வராதீங்க மாமா. கியா பார்ம் சந்தைலயே ஜாம். தோட்ட ரோட்டுல டூரிஸ் காடி ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டு நிக்குது, முன்னயும் போகாது, பின்னயும் போகாது. நீங்க ஓட்டல்லயே காடியப் போட்டுருங்க. செல்லையா அண்ணன மோட்டார்ல அனுப்பிருக்கேன்."

ஓட்டல் அறையை என் மகள் போனிலேயே பிடித்துக் கொடுத்திருந்தாள். ஒரு ராத்திரிக்கு இருநூற்று அறுபது வெள்ளி. அக்கா வீட்டில் இரண்டே அறை. அதில் மச்சானின் சொந்தக்காரர்கள் பதினைந்து பேர் படுத்திருந்தார்கள். சரஸுக்கு முட்டி வலி, குளிரில் தரையில் படுக்க முடியாது. அதனால் ஓட்டல். அறை இருந்தால் காருக்கும் இடம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். யாரையும் கேட்கவில்லை.

பன்னிரண்டரை மணிக்கு ஓட்டல் வாசலில் நின்றேன். ஏழு மாடி. கீழே கார் நிறுத்துமிடம். வாசலில் சங்கிலி போட்டிருந்தது. காரைச் சரஸிடம் விட்டுவிட்டு உள்ளே ஓடினேன். முகப்பில் பெரிய கூட்டம். ஸ்ட்ராபெரி போட்ட தொப்பியோடு பிள்ளைகள் ஓடி விளையாடின. மலாய்க்காரப் பையன் ஒருவன் சாவியைக் கொடுத்தான். காரை எங்கே வைப்பது என்று கேட்டேன். எண்பது அறைக்கு இருபத்தைந்து இடம்தான், முதலில் வந்தவர்களுக்குக் கொடுத்தாயிற்று, வெளியே ரோட்டில் பாருங்கள் அங்கிள் என்று சொல்லிவிட்டு அடுத்தவரைப் பார்த்தான். குரலில் மரியாதை இருந்தது. நான் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

முதல் சுற்று. பிரிஞ்சாங் டவுன் சிறியது. நடந்தால் பத்து நிமிடத்தில் சுற்றிவிடலாம். காரில் முக்கால் மணி நேரம் ஆனது. கோடு போட்ட இடமெல்லாம் நிறைந்திருந்தது. கடைகளுக்கு முன்னால் இருந்த இடங்களில் காய்கறிப் பெட்டியும் சிவப்பு முக்காலியும் வைத்திருந்தார்கள். அது அவரவர் ஆட்களுக்கு. சரஸ் ஒரு பெட்டியைக் காட்டி, "எறங்கி நகத்திட்டு நிறுத்துங்க" என்றாள். கடைக்காரச் சீனர் கையைக் கட்டிக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஓட்டிக்கொண்டே போனேன்.

இரண்டாம் சுற்றில் செல்லையாவைப் பார்த்தோம். அவர் ஒரு மோட்டார் சைக்கிளிலும் அவர் மனைவி இன்னொரு மோட்டாரிலும் வந்து ஓட்டல் எதிரில் நின்றார்கள். தேயிலை வெட்டும் மெஷினை இரண்டு பேர் ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். மச்சான் ஒரு முனை என்றால் செல்லையா மறு முனை. என்னைக் கண்டதும் மோட்டாரை விட்டுவிட்டு முன்னால் ஓடினார். ஒரு கார் வெளியே வந்த இடத்தில் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றார். நான் போய்ச் சேர்வதற்குள் பெரிய வேன் ஒன்று அவர் முழங்கால் வரைக்கும் வந்து ஹாரன் அடித்தது. கண்ணாடியை இறக்கிய ஆள் தமிழர்தான்.

"இது காடி நிக்கிற எடமா, ஆளு நிக்கிற எடமா?"

"பின்னாலயே வர்றாங்க சார். கொஞ்சம் அவசரம்லா."

"எல்லாருக்கும் அவசரந்தான். எம் புள்ளைக்கு ஒண்ணுக்கு வருது."

செல்லையா என்னைப் பார்த்தார். நான் விட்டுவிடச் சொல்லிக் கையைக் காட்டினேன்.

சரஸுக்குக் கோபம் வந்துவிட்டது. "சாவுக் காரியத்துக்குப் போறோம்னு ஒரு வார்த்த சொன்னா என்னங்க? ஓட்டல்ல சொல்லியிருந்தா எடம் குடுத்திருக்க மாட்டாங்களா?"

"அங்க புள்ளைங்க நின்னுச்சுங்க. எல்லாரும் சந்தோஷமா வந்த எடத்துல அத எப்படிச் சொல்றது?"

"லோரில உக்காந்தா மட்டும் ஹோன் அடிச்சி ஊரையே ஒதுக்குறீங்க. வாயத் தொறக்கச் சொன்னா வரமாட்டேங்குது. அங்க அண்ணி ஒக்காந்துகிட்டு இருக்காங்க."

அவள் சொன்னது சரிதான். அடுத்த தெருவுக்குத் திருப்பினேன். நடுவில் தேவி இரண்டு முறை போன் செய்தாள். சரஸ் எடுத்து, "சுத்திக்கிட்டு இருக்கோம்மா, சுத்திக்கிட்டே இருக்கோம்" என்று மட்டும் சொன்னாள்.

மணி இரண்டரை இருக்கும். மூன்றாம் முறையாக ஓட்டல் வாசலுக்கு வந்தேன். சங்கிலிக்குப் பக்கத்தில் மஞ்சள் சட்டை போட்ட காவல்கார ஜாகா ஒருவர் விசிலோடு நின்றார். எங்கள் ஆள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சிரித்துக்கொண்டே என் பக்கம் வந்தார்.

"என்னண்ணே, இது மூணாவது சுத்து. ஓட்டலா, கோயிலா? தேங்கா பழம்லாம் கொண்டாந்தீங்களா?"

சொல்லிக்கொண்டே குனிந்து சரஸின் மடியைப் பார்த்தார். மடித்த புதுச் சேலை, மஞ்சள், பழம். பிறகு சரஸின் தலையைப் பார்த்தார். பூ இல்லை. சிரிப்பு நின்றுவிட்டது.

"யாருக்கு?"

"அக்காவுக்கு" என்றேன்.

"எப்ப போடணும்?"

"பன்னெண்டு மணிக்கு."

"அட என்னண்ணே நீங்க. மொதச் சுத்துலயே சொல்லக் கூடாதாலா?" என்று சங்கிலியை அவிழ்த்தார். "உள்ள விட்டு, அந்த ரெண்டு காடிக்கு முன்னால குறுக்கப் போடுங்க. சாவிய எங்கிட்டக் குடுத்துட்டுப் போங்க. யாராச்சும் வெளிய எடுத்தா நான் நகத்திக்கறேன்."

என் வண்டிச் சாவியை இதுவரை யாரிடமும் கொடுத்ததில்லை. அவர் கையில் கொடுத்தேன். பத்து வெள்ளி நீட்டினேன். "கோடிக் காசு எனக்கு வேணாம்" என்று தள்ளிவிட்டு விசிலை வாயில் வைத்துக்கொண்டார்.

சரஸ் தட்டோடு செல்லையாவின் மனைவிக்குப் பின்னால் ஏறினாள். நான் செல்லையாவோடு. கியா பார்ம் வரைக்கும் கார்கள் ஒட்டி நின்றன. நடுவில் இருந்த இடுக்கில் மோட்டார் போனது. சோளம் சுடுகிற புகை, உரத்தின் நாற்றம், எல்லாக் காரிலும் பாட்டு. தோட்ட ரோட்டில் திரும்பியதும் இரண்டு பக்கமும் தேயிலை. மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு சரிவில் பாதி வெட்டியும் பாதி வெட்டாமலும் இருந்தது.

"அது எங்க மலை" என்றார் செல்லையா. "மறு முனைக்குப் புது ஆளு குடுத்திருக்காங்க. வங்காளதேசத்துப் பையன். நல்ல பையன்தான். நடை ஒத்து வரல. ஒங்க மச்சானோட நடக்கறப்ப நான் தரையப் பாத்ததே இல்ல."

சொல்லிவிட்டு மோட்டாரை முடுக்கினார்.

மூன்றே காலுக்கு அக்கா வீடு இருந்த லயத்தை அடைந்தோம். பந்தலுக்குக் கீழே ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பண்டாரம் எழுந்து நின்று, "என்னய்யா, மாப்பிள்ள அழைப்புக்கா வர்றீங்க, ஆடி அசைஞ்சி?" என்றார். மச்சானின் பெரியம்மா உள்ளே இருந்து, "ஓட்டல்ல ரூம் போட்ட தொரைல்ல, ஒரு தூக்கம் போட்டுட்டு வந்திருப்பாரு" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். தேவி அழுதுகொண்டே, "ஆயா, சும்மா இருங்க" என்றாள்.

அக்கா நடு வீட்டில் பாயில் உட்கார்ந்திருந்தாள்.

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. தாலி இறக்கும் முன் கடைசியாக ஒரு முறை அவளுக்குப் பூ வைத்து, பொட்டு வைத்து, இரண்டு கை நிறைய வளையல் போடுவார்கள். வருகிற பெண்கள் ஒவ்வொருவரும் ஒரு பூவாவது வைக்க வேண்டும். அக்கா ஒரு பூத்தோட்டத்தில் செவந்திப் பூவைக் கட்டுகளாக அடுக்கி லோரிக்கு அனுப்பும் வேலை செய்கிறாள். சனிக்கிழமை அங்கே ஒரு மணிக்குத்தான் வேலை முடியும். பன்னிரண்டு மணிக்கே கோடி போட்டிருந்தால் அவளோடு வேலை செய்கிற பெண்கள் ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். நாங்கள் டவுனைச் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில் அவர்கள் எல்லாரும் ரப்பர் சப்பாத்தோடு வந்து சேர்ந்திருந்தார்கள். மஞ்சள், வெள்ளை, ஊதா. ஆளுக்கு ஒரு கொத்து வைத்திருந்தார்கள். கூந்தலில் இடமில்லாமல் காதுக்குப் பின்னால், தோளில், மடியில் எல்லாம் பூ. கல்யாணப் பச்சைப் பட்டு. நெற்றியில் பெரிய பொட்டு. அக்காவை அப்படி நான் பார்த்து முப்பது வருடம் ஆகிறது.

நான் பக்கத்தில் போய் முட்டி போட்டேன். "மன்னிச்சிருக்கா. நேரமாயிருச்சி. காடி வைக்க எடமே கெடைக்கல" என்றேன்.

அக்கா என் தலையை இழுத்துக் காதோடு சொன்னாள்.

"இன்னும் ஒரு சுத்து சுத்திட்டு வந்திருக்கலாமேடா தம்பி."

அதற்குள் பண்டாரம் மணியை அடித்தார். சரஸ் தட்டை எடுத்தாள். அதற்குப் பிறகு நடந்ததை ஆண்கள் பார்க்கக் கூடாது என்று எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். நான் பந்தலில் செல்லையாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளே வளையல் உடைகிற சத்தம் கேட்டது. பிறகு பெண்களின் சத்தம். பிறகு நெடுநேரம் ஒன்றும் இல்லை.

அந்த வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது. ஆறு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு எழுந்து நடந்தோம். வாசலைத் தாண்டும்போது ஒரு முறை திரும்பினேன். சந்தன நிறச் சேலையில் அக்கா சுவர்ப் பக்கம் முகத்தை வைத்துப் படுத்திருந்தாள். தேவி பூக்களை ஒரு சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தாள்.

ஓட்டலில் குளித்துவிட்டுப் படுத்தோம். கட்டில் மெத்தென்று இருந்தது. சரஸ் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். நானும் தூங்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்குச் சாவியை வாங்கிக்கொண்டு புறப்பட்டோம். பந்திங்கில் எங்கள் வீட்டுக்கு முன்னால் இரண்டு லோரி நிற்கிற அளவுக்கு இடம் உண்டு. எந்த நேரத்தில் வந்தாலும் நேராக விட்டு இஞ்சினை அணைத்துவிடலாம். அப்படித்தான் அணைத்தேன்.

பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்குக் காரில் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அறை பிடிக்கும்போதே கார் வைக்க இடம் உண்டா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ரிங்லெட்டை ஒன்பது மணிக்கு முன் தாண்டிவிடுங்கள். கூச்சப்படாமல் ஜாகாவிடம் பேசுங்கள். நான் இதில் ஒன்றையும் செய்யவில்லை. அதனால் என் அக்காவுக்கு மூன்று மணி நேரம் கிடைத்தது.