ஷீலா அக்கா போட்ட ஈரல் வறுவல்

ஷீலா அக்கா இன்று காலை இறந்துவிட்டார்.

மாரடைப்பு. ஆட்டோ வருவதற்குள்...

ஊரப்பாக்கம் ஸ்டேஷன் பக்கம் சாயங்காலம் தள்ளுவண்டியில் தோசையும் ஈரல் வறுவலும் போட்ட திருநங்கை என்றால் பலருக்கு முகம் நினைவு வரும். நானும் திருநங்கை. பீர்க்கன்கரணையில் ஒரே வீடு. அவர் கீழே, நான் மாடியில்.

மதியத்திலிருந்து இன்பாக்ஸில் ஒரே கேள்வி. "அதுவா?" அக்கா மாத்திரை போடுவதைப் பார்த்தவர்கள் கேட்கிறார்கள்.

அது இல்லை. அந்த மாத்திரையின் பெயர் பிரெப். எச்.ஐ.வி. இல்லாதவர்கள், அது வராமல் இருக்கப் போட்டுக்கொள்வது. அக்கா அதனால்தான் போனார் என்று நினைத்து யாரும் வழியனுப்ப வேண்டாம். அதற்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் போட்டது நான்.

எம்.ஏ. முடித்து அந்த மாடிக்கு வந்த புதிது. மாத்திரை டப்பா ஜன்னலோரம் இருந்தது. கறிவேப்பிலை கேட்டு மேலே வந்த அக்கா டப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கறிவேப்பிலை வாங்காமலே இறங்கிப் போனார்.

மறுநாள் ஒரு கிண்ணத்தில் வேகவைத்த முட்டை. அப்புறம் மாதுளை. அப்புறம், வண்டிக்குப் போகும் முன்பே எனக்கென்று எடுத்துவைத்த ஈரல் வறுவல்.

"துன்னு கண்ணு. எலும்பாக் கீற."

ஒல்லியாக இருக்கிறேன், பாசம் என்று நினைத்தேன். நன்றாகச் சாப்பிட்டேன். சுடிதார் எல்லாம் இறுகிப்போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கால் சூப்போடு வந்து, கதவைச் சாத்தினார்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். மாத்திரைய மட்டும் வுட்றாத. எங்கூட இருந்தவ ஒருத்தி வுட்டுட்டுதான் போய்ச் சேந்தா."

முட்டை, மாதுளை, ஈரல்... எல்லாம் அப்போதுதான் புரிந்தது.

"அக்கா, எனக்கு ஒண்ணும் இல்ல. வராம இருக்கத்தான் இது."

"சரி சரி. வராம இருக்கத்தான்." கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு இன்னொரு கரண்டி சூப் ஊற்றினார்.

அவருக்குத் தெரிந்தவரை அந்த மாதிரி டப்பாவுக்கு ஒரே அர்த்தம். வைத்திருந்தவர்கள் எல்லோரும் சத்து மாத்திரை என்றுதான் சொன்னார்களாம். நான் சொன்னதும் அதில் சேர்ந்துகொண்டது.

பிரெப் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி. டெஸ்ட் உண்டு. அடுத்த டெஸ்டுக்கு, தாம்பரத்தில் இருக்கும் டெஸ்ட் சென்டருக்கு அக்காவையும் கூட்டிப்போனேன். அவர் முன்னாலேயே ரிசல்ட்டைச் சொல்லச் சொன்னேன்.

"நெகட்டிவ். ஒண்ணும் இல்ல" என்றார் அங்கே ஆலோசனை சொல்லும் கவுன்சிலர்.

அக்கா என் பக்கம் திரும்பினார்.

"அடிப்பாவி. அப்போ நான் போட்ட ஈரலு?"

"அன்னைக்கே சொன்னேன்லக்கா."

"சொன்னா நம்புற மூஞ்சியாடி இது?"

கவுன்சிலர் சிரித்து முடிக்கும்வரை அக்கா காத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு... "இத எங்க ஆளுங்க போட்டா ஆர்மோனு மாத்திர வேல செய்யாம பூடுமா? மாரு கரைஞ்சிடுமா?"

"அப்படில்லாம் ஆகாதுக்கா. ரெண்டும் போடலாம்" என்றார் கவுன்சிலர்.

"அப்ப எனக்கும் ரத்தம் எடு."

மாத்திரையை விட்ட அந்தத் தோழி இறந்த பிறகு அவர் டெஸ்ட் பக்கமே போனதில்லை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. ரிசல்ட் வரும்வரை என் விரல்களைப் பிடித்துக்கொண்டிருந்தார். வலித்தது. நெகட்டிவ் என்றதும் விட்டார். அழவில்லை. பசிக்கிறது என்றார்.

கிட்னியும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அவருக்கும் ஒரு டப்பா கொடுத்தார்கள்.

எங்களில் பலர் ஒளித்துத்தான் போடுவோம். துணிக்கு நடுவில், பேப்பரில் சுற்றி, வேறு டப்பாவில் மாற்றி. அக்கா வண்டியில் அடுப்பைப் பற்றவைத்ததும் போடுவார். எல்லோர் முன்னாலும், ஒரு டம்ளர் தண்ணீரோடு.

"சுகராக்கா?" என்று கேட்டார் ஒரு ஷேர் ஆட்டோ டிரைவர்.

"இல்லண்ணா. எயிட்ஸு வராம இருக்க."

தோசையைப் பிய்த்த கை அப்படியே நின்றது. சிலர் அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்கள். கொஞ்ச நாள் வியாபாரம் மந்தம். மாவு மிஞ்சியது. வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாமே என்றேன்.

"மூடி மூடி வச்சித்தான் அவ செத்தா. துன்றவன் துன்னட்டும், போறவன் போவட்டும்."

தின்றார்கள். அந்த ஆட்டோ டிரைவரும் திரும்பி வந்தார். இன்னும் கொஞ்சம் சட்னி கேட்கிற குரலில், அந்த சென்டர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். அக்காவும் சட்னி ஊற்றிக்கொண்டே வழி சொன்னார்.

அன்று முழுக்க ஒரு சிரிப்பு அவர் முகத்தில்...

இன்று அவருக்குக் கட்ட மெரூன் பட்டுப்புடவையை எடுத்தபோது, அலமாரியிலிருந்து டப்பா உருண்டு விழுந்தது. பக்கத்து வீட்டு அம்மா குனிந்து பார்த்தார். சட்டென்று இரண்டடி தள்ளி நின்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள், அழுதுகொண்டிருந்த அமீனா அக்கா நிமிர்ந்தார். ஷீலா அக்காவோடு கீழ்வீட்டில் இருப்பவர். எங்கள் யாரிடமும் அதிகம் பேசாதவர்.

"இன்னாம்மா பாக்குற? அவளுக்கு நெஞ்சு. இது வராம இருக்கப் போட்டது. எனுக்கும் ஒரு டப்பா கீது, எடுத்தாந்து காட்டட்டுமா?"

எனக்கே அது தெரியாது.

அந்த அம்மா கிட்ட வந்து, புடவை மடிப்பை நீவிவிட்டார். அமீனா அக்கா, விட்ட இடத்திலிருந்து மறுபடி அழத் தொடங்கினார்.

நாளை காலை அடக்கம்.

போயிட்டு வாங்க, அக்கா.