வேட் குபிச்செக்கின் ஆகஸ்ட் மதிப்பெண்

எங்கள் ஊரில் குடும்பப் பெயர் சொல்லத் தேவையில்லாத ஆட்கள் இரண்டே பேர். ஒருவர் தேவாலயத்துச் சுவரில் இருக்கிறார். இன்னொருவன் வேட். அமெரிக்காவில், நெப்ராஸ்கா மாநிலத்தின் இந்த மூலையில் சோளத்தை விட்டால் கல்லூரி ஃபுட்பால்தான் விளைச்சல். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் ஆட்டத்துக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்டவர்கள் இங்கே அதிக நாள் தங்கியதில்லை.

வேட் தடுப்பணியின் கேப்டன். எதிரணி வரிசைகட்டி நிற்கும் சில நொடிகளுக்குள் அவர்கள் என்ன செய்யப்போகிறார்கள் என்று படித்து, கையை உயர்த்திக் கத்தி, தன் ஆட்களை இடம் மாற்றி நிறுத்துவது அவன் வேலை. பிறகு ஓடி வருபவன்மீது மோதுவதும் அவன் வேலைதான். முதல் வேலைக்கு மூளை வேண்டும். இரண்டாவது அதைக் கரைக்கும். இரண்டையும் ஒரே ஆளிடம் ஒப்படைத்த புண்ணியவான் யாரோ.

ஆகஸ்டில், ஆட்டங்கள் தொடங்குமுன், ஒவ்வொருவனையும் கணினி முன்னால் உட்காரவைத்து நினைவாற்றலைச் சோதிப்பார்கள். பின்னால் தலையில் அடிபட்டால் மறுபடி அதே சோதனை. மதிப்பெண் குறைந்திருந்தால் ஆட முடியாது. எனவே ஆகஸ்டிலேயே குறைவாக வாங்கிவைப்பது எங்கள் பையன்களின் வழக்கம். அந்த வருடம் அதைச் சொல்லிக்கொடுத்தவன், கேப்டன் என்ற முறையில், வேட்.

"இன்னைக்கு எவனும் அறிவாளி வேஷம் போடக்கூடாது. அதுக்காக ரொம்ப முட்டாளாவும் இருக்காதீங்கடா, மெஷின் பிடிச்சிடும். நம்ம கோச் அளவுக்கு இருந்தா போதும்!"

அறையே சிரித்து உருண்டது.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, முழு வேகத்தில் வந்தவனும் வேட்டும் தலையோடு தலை மோதினார்கள். எழுந்த வேட் எதிரணிப் பையன்கள் கூடியிருந்த வட்டத்தில் போய் நின்றான். குறும்பு என்று நினைத்து அரங்கம் கைதட்டியது. சோதித்தார்கள், ஆகஸ்ட் மதிப்பெண் அப்படியே வந்தது. ஆடினான். அடுத்த வாரமும் ஆடினான்.

அதற்குள் வெளிச்சம் பட்டாலே வாந்தி வந்தது. மைதானத்தில் கையை உயர்த்துவான். கத்தவேண்டிய வார்த்தை வராது. பின்வரிசையில் நிற்கும் அவன் அறைத்தோழன் டிரெண்ட் மட்டும் அதைக் கவனித்தான்.

பக்கத்து மாவட்டத்துக் கல்லூரியோடு மோதும் கடைசி ஆட்டத்துக்கு முந்தைய நாள், அணியின் காயங்களைக் கவனிக்கும் மார்லாவிடம் வேட் தானாகவே போனான்.

"என் தலை சரியில்ல, மார்லா."

சோதித்துப் பார்த்தாள். "ஆகஸ்ட்ல இருந்த மாதிரியேதான் இருக்கு. உன் தலை எப்பவுமே இப்படித்தானேப்பா."

"ஆகஸ்ட்ல வேணும்னே தப்பாப் பண்ணினேன்."

மார்லா எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். "நீ மட்டுமா? எல்லாருமா?"

எல்லாரும் என்றால் பாதி அணி நாளைக்கு உட்கார்ந்துவிடும். சொல்லிக்கொடுத்தவனே காட்டிக்கொடுத்தவன் ஆவான்.

"நான் மட்டும்."

கோச் பர்டெட்டிடம் அழைத்துப்போனாள். அவர் சிரித்தார்.

"அன்னைக்குப் பொய், இன்னைக்கு நிஜம்கற. நான் எதை நம்பறது மகனே?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "பயமா இருந்தா பயம்னு சொல்லிடு. வெளிய மூச்சு விடமாட்டேன்."

எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய மிரட்டல் கிடையாது.

"பயமெல்லாம் இல்ல, கோச்."

"அதானே பார்த்தேன்! போய் நல்லா சாப்பிடு."

மார்லா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் வேலை வேண்டுமே.

மறுநாள் மைதானத்தில் டிரெண்ட் காதோடு சொன்னான்: "நீ கையை மட்டும் தூக்குடா. கத்தறதை நான் பாத்துக்கறேன்."

அப்படியே நடந்தது. வார்த்தைகளை மறந்த உடம்பு மோதுவதை மறக்கவில்லை. எதிரணி தொடவேண்டிய கோட்டுக்கு ஓரடி முன்னால், பந்தோடு வந்த கடைசி ஆளை வேட் மண்ணில் சாய்க்க, நாங்கள் ஜெயித்தோம். 'தடுப்பணியின் மூளை' என்று எங்கள் பத்திரிகை கொட்டை எழுத்தில் போட்டது.

தொழில்முறை அணிகள் எதுவும் கூப்பிடவில்லை. சிகிச்சைக்கு உதவுங்கள் என்று அவன் அக்கா கல்லூரியிடம் கேட்டபோது, இரண்டு மதிப்பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். தம்பி எப்படி வந்தானோ அப்படியே போயிருக்கிறான், எந்தச் சேதமும் இல்லை, என்றார்கள். இப்போது அக்கா வீட்டு நிலவறையில் இருக்கிறான். தானியக் கிடங்கில் தரை கூட்டுகிறான். வண்டி ஓட்ட விடுவதில்லை.

போன வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக் கடையில் பெரியவர்கள் அவனை இழுத்து உட்காரவைத்தார்கள். எங்கள் ஊர் வழக்கப்படி சில்லி சூப்பில் இலவங்கப்பட்டை ரொட்டியைத் தோய்த்தபடியே, உப்புப் புட்டிகளை ஆட்டக்காரர்களாக நிறுத்தி, அந்தக் கடைசி மோதலை மறுபடி நடத்திக் காட்டினார்கள். வேட் கரண்டியை வாயருகே பிடித்தபடி கவனமாகக் கேட்டான்.

"அப்புறம்? யாரு ஜெயிச்சா?"

சிரிப்பில் மேசை அதிர்ந்தது. ஒருவருக்குப் புரையேறியது. "பார்த்தியாய்யா! இவன் துளிகூட மாறல!"

வேட் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான், யாராவது சொல்வார்கள் என்று.