திடலுக்குப் போகாத விண்ணப்பம்

‘பெட்டி நிறைந்துவிட்டது’ என்று ஒரு மின்னஞ்சல் முகவரி மூன்று மாதம் தொடர்ந்து சொன்னால், அதை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். எங்கள் சங்கத்தின் கணினி விதிகளில் நான்காவது இது. எழுதியவன் நான். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனை விதி எழுதச் சொன்னால் மாட்டேன் என்றா சொல்வான்?

சங்கம் பிரிக்பீல்ட்ஸில், ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில். எல்லாக் கிளைகளின் மின்னஞ்சலும் அங்குள்ள சர்வருக்கு வந்துதான் வெளியே போகும்; அதைப் பார்த்துக்கொள்பவனும் நான்தான். அந்த வெள்ளிக்கிழமை எதுவும் போகவில்லை.

கிள்ளான் கிளைச் செயலாளர் நேரிலேயே வந்துவிட்டார். பொங்கலுக்குத் திடல் கேட்டு ஷா ஆலமிலுள்ள அரசு அலுவலகத்துக்குக் காலையிலேயே விண்ணப்பம் அனுப்பியிருந்தாராம். மாலை ஐந்துக்குள் சேராவிட்டால் திடல் வேறு யாருக்கோ.

“அண்ணே, பானைக்கெல்லாம் ஆர்டர் குடுத்தாச்சு. திடல் கிடைக்கலன்னா உங்க வீட்டு வாசல்லதான் பொங்க வைப்போம்.”

“என் வீடு பதினாலாவது மாடிம்மா.”

“லிஃப்ட் இருக்குல்ல?”

சர்வரில் காத்துக்கிடந்த அஞ்சல்களின் வரிசையைத் திறந்தேன். விண்ணப்பத்துக்கு முன்னால் மலைபோல் முருகன் படங்கள். வெள்ளிதோறும் கிளைகள் அனுப்பும் காலை வணக்கம். சர்வர் ஒரு நேரத்தில் சிலவற்றைத்தான் கையாளும். அந்தச் சில இடங்களிலும் நிறைந்த பெட்டிகளையே திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தது. பெயர்களைப் படித்தேன். பாதிப் பேரின் கருமக்கிரியையில் நான் சாப்பிட்டிருக்கிறேன்.

“உங்க கிளை ஆளுங்கள ஏம்மா இன்னும் பட்டியல்லேர்ந்து எடுக்கல? விதி நாலு என்ன சொல்லுது?”

“செத்தவங்க பேர எப்படிண்ணே வெட்டுறது? வீட்டம்மாவ கோயில்ல பார்த்தா, ‘என் வீட்டுக்காரர தூக்கிட்டீங்களா’ன்னு கேப்பாங்க லா. தைரியம் இருந்தா நீங்க வெட்டுங்க.”

முதல் பெயர், என்னோடு இருபது ஆண்டு ஒரே அறையில் வேலை பார்த்தவர். என் விரல் நின்றது.

“பார்த்தீங்களா!” என்றார் செயலாளர், வெற்றியோடு.

வெட்டவில்லை. அவர்களுக்கென்று தனி வரிசை ஒன்று அமைத்தேன். நாளுக்கு ஒரு முறை தட்டினால் போதும், அவர்களுக்கு அவசரமில்லை. மற்றவை மளமளவென்று கிளம்பின. நாலு நாற்பதுக்கு விண்ணப்பம் கிடைத்ததாக ஷா ஆலம் சர்வர் ஒப்புக்கொண்டது. செயலாளர் போட்ட கூச்சலில் பூக்கடைக்காரர் மேலே ஓடிவந்தார். விஷயம் தெரிந்ததும் மூவருக்கும் தே தாரிக் சொன்னார். அதைக் குடித்துக்கொண்டே விதி நான்கில் ‘நீக்க’ என்பதை ‘தனியே வைக்க’ என்று திருத்தினேன்.

ஷா ஆலம் கணினி ஒப்புக்கொள்ள ஒரு நொடி ஆனது. அங்குள்ள மனிதர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆனது. அதற்குள் செயலாளர் வீட்டுக் கூடத்தில் பானைகள் நிறைந்து, அவர் கணவர் அடுப்படியில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்கும்படி ஆயிற்று. திடல் எங்களுக்கே என்ற பதில் வந்த தேதி ஜனவரி பதின்மூன்று, போகி.