வேர்வை நின்ற மத்தியானம்

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். என் கணவர் சமஸ்தானத்துப் போலீசில் கான்ஸ்டேபிளாக இருந்தார். எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருஷம், ஐப்பசி மழையில் அவருக்கு விஷக்காய்ச்சல் கண்டது. புதுக்கோட்டையில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறையைப் பூட்டிவிட்டு, வண்டி கட்டி, திருவரங்குளத்துக்குக் கிழக்கே இருந்த அவருடைய ஊருக்குக் கொண்டுபோனேன். அங்கே என் மாமியார் தனியாக இருந்தார். அவரும் நானும் மாற்றி மாற்றிக் கண்விழித்தோம். மார்கழி வரை என் கணவருக்குப் படுக்கைதான். தை பிறந்த பிறகு சுவரைப் பிடித்து நடந்தார். பங்குனியில்தான் சோறு அவருக்கு ருசித்தது. தலைமுடியெல்லாம் கொட்டி, தோள் எலும்பு துருத்தி, கல்யாணப் போட்டோவில் இருந்த மனிதருக்கு அண்ணன் போல இருந்தார்.

சித்திரை நடுவில் டவுனிலிருந்து அவருடைய சிநேகிதர் ஒருவர் சைக்கிளில் வந்தார். மாசக் கடைசியில் வேலைக்குத் திரும்ப வேண்டும், முழு உடுப்போடு மைதானத்தைச் சுற்றி ஓடிக்காட்ட வேண்டும், ஓட முடியாதவரை வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு என் கணவர் பெட்டியைத் திறந்து காக்கி உடுப்பை எடுத்து உதறினார்.

"ஓட்டமெல்லாம் எனக்கு ஒரு பெரிய விசயமா? ஒடம்பு மறந்திருக்காது புள்ள" என்றார்.

காய்ச்சலுக்கு முன்னால் அவர் நன்றாக ஓடுவார். அது உண்மை. ஆனால் காலையில் ஓடினால் கண்மாய்க்குப் போகிற வருகிற ஆட்கள் பார்ப்பார்கள். எலும்பும் தோலுமாகப் போலீஸ்காரர் மூச்சு வாங்குவதைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று கூச்சம். அதனால் உச்சி வெயிலில், ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுத்தார். முழு உடுப்போடுதான் ஓடிப் பழக வேண்டும் என்று பிடிவாதம். தடித்த காக்கிச் சட்டை, அரைச்சராய், பெல்ட்டு, முழங்கால் வரை சுற்றுகிற கம்பளிப் பட்டி, பூட்ஸ், தலைப்பாகை எல்லாம் போட்டுக்கொண்டு வறண்ட கண்மாயின் கரைமேல் ஓடினார்.

முதல் நாள்களில் சட்டையைப் பிழிகிற மாதிரி நனைந்து வந்தார். கொடியில் போட்டால் காய்ந்த பிறகு முதுகுப்பக்கம் உப்புப் பூத்து வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்திருக்கும். சாயங்காலம் கெண்டைக்காலில் குரக்களி ஏறிச் சதை முறுக்கிக்கொள்ள, பல்லைக் கடித்துக்கொண்டு காலை நீட்டுவார். நான் பிடித்துவிடுவேன். தலைவலி என்று துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுப்பார்.

"ஓடப் போறதுக்கு முந்தி ஒரு செம்பு தண்ணியாச்சும் குடிச்சுட்டுப் போங்களேன்" என்றேன்.

"ஓடுறவன் வயித்துல தண்ணி கெடந்தா விலாவைப் பிடிச்சுக்கும். ஒனக்கென்ன தெரியும்?"

திரும்பி வந்த பிறகும் கொஞ்சம் வாயைக் கொப்பளித்துவிட்டுத் துப்புவார். தாகத்தை அடக்குவதும் பயிற்சியில் சேர்ந்தது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். மாமியாரிடம் சொல்லிப் பார்த்தேன். "ஆம்பளை சமாச்சாரத்துல நாம என்னத்தச் சொல்றது ஆத்தா" என்றார் அவர்.

அக்கினி நட்சத்திரம் பிறந்த சமயம் அது. அன்றைக்குக் காற்றே இல்லை. காலையில் குடித்த கஞ்சியைக் கொல்லையில் போய் வாந்தி எடுத்துவிட்டு, மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வந்தார். நான் பார்த்துவிட்டேன். "அம்மாட்டச் சொல்லிறாத" என்றார். மத்தியானம் பட்டியைச் சுற்றும்போது விரல் நடுங்கியது. போகவேண்டாம் என்று வாசலில் நின்று கெஞ்சினேன். என்னை ஒதுக்கிவிட்டுப் போய்விட்டார்.

என்னால் வீட்டுக்குள் இருப்புக்கொள்ளவில்லை. ஒரு கலயத்தில் நீராகாரத்தை ஊற்றி உப்புப் போட்டு எடுத்துக்கொண்டு, மாமியார் கண்ணயர்ந்திருந்த நேரம் பார்த்துக் கிளம்பினேன். செம்மண் பாதை பாதத்தைச் சுட்டது. புல்லில் மிதித்தும் நிழலில் நின்றும் கண்மாய்க் கரைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

தூரத்தில் வந்துகொண்டிருந்தார். ஓட்டமா நடையா என்று சொல்ல முடியாத ஒரு போக்கு. ஒரு கால் நேராக வந்தால் இன்னொரு கால் கரையின் சரிவுப் பக்கம் போனது. கிட்டே வர வர எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. என்ன என்று உடனே புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, சட்டை காய்ந்திருந்தது. அக்குளில்கூட ஈரம் இல்லை. முகம் சுட்ட செங்கல் மாதிரி சிவந்து, பொட்டு வேர்வை இல்லாமல் இருந்தது.

"என்னங்க" என்று கூப்பிட்டேன்.

என் முன்னால் வந்து நின்றார். கண் என்மேல் இருந்தது. ஆனால் என்னைப் பார்க்கவில்லை. குதிகாலைச் சேர்த்து வைத்து, கையைத் தூக்கி எனக்கு சல்யூட் அடித்தார்.

"ஆஜர் சார்" என்றார். "நாலாம் நம்பர் ஆஜர் சார். இன்னொரு சுத்து ஓடிருவேன் சார்."

என் வாழ்நாளில் அதுபோல நான் பயந்ததில்லை. எத்தனையோ சாவுகளைப் பிறகு பார்த்திருக்கிறேன். பெண்டாட்டியை யாரென்று தெரியாமல் புருஷன் சல்யூட் அடித்து நின்ற அந்த நிமிஷத்துக்கு எதுவும் ஈடில்லை. கலயம் என் கையிலிருந்து நழுவி உடைந்தது. "நான்தாங்க, நான்தாங்க" என்று அவர் கையைப் பிடித்தேன். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியைத் தொட்டதுபோல இருந்தது. அப்படியே என் தோளில் சரிந்து கீழே விழுந்தார்.

கரைக்குக் கீழே ஒரு தோட்டக் கிணறு இருந்தது. காலையில் கமலை ஓட்டி இறைத்த தண்ணீர் தொட்டி நிறைய நின்றது; பக்கத்தில் தண்ணீர் மொள்ளுகிற தகரச் சால் ஒன்று கிடந்தது. தோட்டத்துக்காரரும் அவர் மனைவியும் கொட்டகையில் படுத்திருந்தவர்கள் என் கூச்சல் கேட்டு ஓடிவந்தார்கள். மூவருமாக அவரைத் தூக்கித் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த புங்கமர நிழலில் போட்டோம். தூக்கும்போதே அவருக்குக் கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை வந்தது.

தோட்டத்துக்காரர் இரண்டடி பின்னால் போனார். "உச்சி நேரத்துல முனி பாதையில ஓடியிருக்காரு. அறைஞ்சிருச்சு. பூசாரியக் கூட்டியாரணும்."

அவர் மனைவி என் மாமியாரைக் கூட்டிவர ஓடினாள்.

எனக்கு முனியைப் பற்றித் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, கீரமங்கலம் சந்தையிலிருந்து பாரம் ஏற்றி வந்த எங்கள் வண்டிமாடு ஒன்று கோடையில் நாக்கைத் தள்ளி வழியில் விழுந்துவிட்டது. என் அப்பா நுகத்தடிக் கயிற்றை அறுத்து, ஊருணித் தண்ணீரை மொண்டு மொண்டு அதன்மேல் ஊற்றிக்கொண்டே இருந்தார். அது எழுந்தது. மாட்டுக்குச் செய்தது மனுஷனுக்கு ஆகுமா என்று யாரைக் கேட்பது?

பெல்ட்டைக் கழற்றினேன். பித்தளைப் பூட்டு விரலைப் பொசுக்கியது. பட்டியை அவிழ்க்க அவிழ்க்க நீண்டுகொண்டே போனது. கொட்டகையில் சொருகியிருந்த கருக்கரிவாளை எடுத்துப் பட்டியையும் சட்டையையும் அறுத்துத் தள்ளினேன். சர்க்கார் உடுப்பு என்று ஒரு கணம் கை நின்றது. அடுத்த கணமே அறுத்தேன். அந்நிய ஆண்பிள்ளை ஒருவர் நிற்க, நான் புருஷனின் உடுப்பைக் கிழித்துக்கொண்டிருந்தேன். வெட்கப்படக்கூட நேரமில்லை.

"சாலை எடுத்து மொண்டு ஊத்துங்க" என்று கத்தினேன். தோட்டத்துக்காரர் அசையவில்லை. "ஊத்துய்யா!" என்று அலறினேன். பெரியவரை அப்படி ஒருமையில் பேசியவள் இல்லை நான். அவர் சாலைத் தொட்டியில் முக்கினார்.

முதல் தண்ணீர் நெஞ்சில் விழுந்தபோதுதான் மாமியார் தலைவிரி கோலமாக வந்து சேர்ந்தார். வந்த வேகத்தில் சாலைத் தட்டிவிட்டார்.

"பாவி, என்ன காரியம் பண்ணுற? கொதிக்கிற ஒடம்புல பச்சத் தண்ணிய ஊத்துனா ஜன்னி கண்டுரும்டி! இவன் அப்பாவும் இப்படித்தான் போனாக. கதிரறுத்துட்டு வந்து விழுந்தாக. தண்ணி படக்கூடாதுன்னு கம்பளியப் போத்தி வச்சுக் காத்தோம். அப்பவும் ஜன்னி விடலையே! நீ தண்ணியவே ஊத்துறியே!"

மகன்மேல் குப்புற விழுந்து மறைத்துக்கொண்டார். அவர் சொன்னது சரியாக இருந்தால் நான் என் கணவரைக் கொன்றுகொண்டிருந்தேன். ஊற்றாவிட்டாலும் அவர் போய்விடுவார் என்று என் கை சொன்னது. தொட்ட கை அது. இரண்டு பயத்துக்கும் நடுவில் நின்று மூத்திரம் போய்விட்டது எனக்கு. இதை எழுதக் கூசவில்லை.

"அயித்தை, அவுகளைத் தொட்டுப் பாருங்க" என்றேன். "நெத்தியில கைய வச்சுப் பாருங்க. காய்ச்சல்லகூட இப்படிச் சுடல. பொட்டு வேர்வை இல்ல அயித்தை. உள்ள வேகுது."

அவர் கையை வைத்தார். எடுத்துவிட்டார். மறுபடி வைத்தார். பிறகு நகர்ந்து உட்கார்ந்து முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார்.

தோட்டத்துக்காரர் ஊற்றினார். நான் ஈரத் துண்டைக் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் மாற்றி மாற்றி வைத்தேன். தோட்டத்துக்காரர் மனைவி முறத்தால் விசிறினாள். வாயில் தண்ணீர் விட்டேன். தொண்டைக்குள் போகாமல் வழிந்தது. புரைக்கேறிவிடும் என்று பயந்து நிறுத்தினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தொட்டித் தண்ணீர் அடி தெரியும் வரை போனது. இழுப்பு நின்றது. மூச்சும் நின்றுவிட்டது என்றுதான் நினைத்தேன். மூக்கில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். லேசாகப் பட்டது.

கொஞ்சம் கொஞ்சமாக அவர் தோல் சூடு தணிந்தது. பிறகு பல் தட்டக் குளிரால் நடுங்கினார். மாமியார் "ஜன்னி! ஜன்னி!" என்று எழுந்தார். ஆனால் கண் திறந்தது. சுற்றிப் பார்த்தார். என்னைப் பார்த்தார், இந்தத் தடவை என்னையே பார்த்தார்.

"ஏன் புள்ள என்னைய நனைச்சுப் போட்டிருக்கீங்க?" என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை. வாந்தி எடுத்தேன்.

வெயில் சாய்ந்ததும் தோட்டத்துக்காரர் தன் வண்டியில் ஈர வைக்கோலைப் பரப்பி எங்களை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பிழைத்துவிட்டார் என்று நினைத்தேன். அங்கேதான் இன்னொரு பயம் காத்திருந்தது. அவருக்குப் போன சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. அதுவும் சொட்டுச் சொட்டாகத்தான். டாக்டர் கையில் ஊசி குத்தி உப்புத் தண்ணீர் ஏற்றச் சொன்னார்.

"வெயில் தாக்கியிருக்கும்மா. காய்ச்சல்ல விழுந்து எந்திரிச்ச ஒடம்பு பழைய ஒடம்பு இல்ல. வேர்க்கிறதுக்கே அது திரும்பப் பழகணும். போன தண்ணியும் உப்பும் உள்ள போகணும். மூத்திரம் வெளுத்துப் போகட்டும், அப்புறம் சொல்றேன்" என்றார். உறுதியாக எதையும் சொல்லாமல் போய்விட்டார்.

அந்தப் பாத்திரத்தை ஒவ்வொரு தடவையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக்கொண்டே அந்த நாள்களைக் கழித்தேன். கறுப்பு பழுப்பானது, பழுப்பு மஞ்சளானது. ஒரு காலையில் வைக்கோல் நிறத்தில் இருந்தது. அன்றைக்குத்தான் மாமியார் என்னோடு பேசினார். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அன்னைக்கு அவுக மேலயும் தண்ணிய ஊத்தியிருக்கலாமோ?" என்றார். "கம்பளியப் போத்தி நான்தான் உக்காந்திருந்தேன்."

"அது வேற நோவா இருந்திருக்கும் அயித்தை" என்றேன். அவர் நம்பினாரா என்று தெரியாது. நானும் நம்பவில்லை.

மேலதிகாரி அவகாசம் கொடுத்தார். ஆனால் ஓட்டத்தைத் தள்ளுபடி செய்யவில்லை. ஊருக்குத் திரும்பினோம்; என் கணவர் மறுபடியும் ஓடியாக வேண்டும். டாக்டர் சொன்னபடி முதலில் வெறும் வேட்டி துண்டோடு, விடியும் முன் நடை மட்டும். பிறகு நடையும் ஓட்டமும். ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் வெயில், கொஞ்சம் உடுப்பு. கிழிசல் தைத்த சட்டை ஒரு வாரம், பெல்ட்டு ஒரு வாரம், பூட்ஸ் கடைசியில். கிளம்புமுன் ஒரு செம்பு, பாதியில் ஒரு செம்பு. திரும்பி வந்ததும் மோரும் உப்பும். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கவே கூடாது. ஊர்க்காரர்கள் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் அவர் காலையை விட்டு மத்தியானத்துக்குப் போயிருக்க மாட்டார்.

நான் தினமும் கூடவே போய்க் கரையில் குந்தியிருப்பேன். ஒவ்வொரு சுற்றிலும் அவர் கழுத்தில் கையை வைத்துப் பார்ப்பேன். ஈரம் இருக்க வேண்டும்.

"இப்படித் தடவுறியே, விக்கப் போற மாட்டையா பாக்குற?" என்று சலித்துக்கொள்வார். ஆனால் நின்று காட்டுவார். தலை லேசாகச் சுற்றினாலும் நானாகக் கேட்பதற்கு முன் சொல்லிவிடுவார். உள்ளூர அவரும் பயந்துதான் இருந்தார். ஒருநாள் ராச்சாப்பாட்டின்போது சொன்னார்: "அந்த மத்தியானம் நடந்தது ஒண்ணும் எனக்கு ஞாபகமில்ல புள்ள. கடைசியா, நான் நல்லாத்தான் ஓடுறேன்னு நெனச்சேன். அதான் பயமா இருக்கு."

ஆவணியில் மைதானத்தில் ஓடினார். எல்லோருக்கும் பின்னால்தான் வந்தார். வேலை தங்கியது. அந்த மாதமே டவுனுக்குத் திரும்பிவிட்டோம். இந்தத் தடவை மாமியாரும் ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்துவிட்டார். அப்புறம் பல வருஷம், கோடையில் தேர்த் திருவிழாவுக்கு என் கணவரைப் பந்தோபஸ்துக்குப் போட்டால், மாமியாரும் நானும் அவர் வீடு வந்து சேரும் வரை சோற்றில் கைவைக்க மாட்டோம். ஏன் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதில்லை.