நான்கு அட்டைகளில் இருந்த தவமலர்

தீவுப் பக்கத்து அரச ஆஸ்பத்திரி ஒன்றில் பதினேழு வருடமாகப் பதிவேட்டு அறை என் பொறுப்பில் இருந்தது. அப்போதுதான், ஒரு சிறிய அரச பல்கலைக்கழகத்தில் சுகாதாரத் தகவல் முகாமைத்துவம் படிக்கலாம் என்று கேள்விப்பட்டு விசாரிக்கப் போனேன்.

“சேட்டிபிக்கற் இருக்கு, டிப்ளோமா இருக்கு, டிகிரியும் இருக்கு. வேலையோட படிக்கிறதெண்டால் வார இறுதி டிப்ளோமாதான் உங்களுக்குச் சரி,” என்றார் அங்கிருந்த விரிவுரையாளர்.

“ஃபைல் அடுக்கிறதுக்கு டிப்ளோமாவோ, மிஸ்?”

அவர் சிரிக்கவில்லை. “சேர்ந்து பாருங்கோ.”

சேர்ந்தேன். வகுப்பில் செய்யத் தந்த முதல் ஒப்படை, அவரவர் ஆஸ்பத்திரியில் ஒரே நோயாளிக்கு இரண்டு மூன்று தரம் திறந்த அட்டைகளைத் தேடி ஒரே இலக்கத்தின் கீழ் கொண்டுவருவது. பொறுப்பு டொக்டரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு அலுமாரியைத் திறந்தேன்.

சி. தவமலர். தவமலர் சிவராசா. எஸ். மலர். எஸ். தவம். நான்குக்கும் அனலைதீவு விலாசம், ஒரே அடையாள அட்டை இலக்கம். நாங்கள் இலக்கம் எழுதிக்கொடுத்த துண்டை வீட்டில் மறந்து வந்தவரைத் திரும்பக் கடல் கடந்து போய் எடுத்துவா என்று சொல்ல ஏலாது. அதனால் ஒவ்வொரு முறையும் புது அட்டை போட்டிருக்கிறோம்.

இருமல், களைப்பு, காய்ச்சல், மறுபடி இருமல். தனித்தனியே பார்த்தால் விசேஷம் இல்லை. திகதிப்படி மேசையில் அடுக்கினேன். நிறை 53 கிலோ, 49, 46, 42. எட்டு மாதமாக ஒரு பெண் உருகிக்கொண்டிருந்திருக்கிறாள். அது அத்தனையும் என் அலுமாரிக்குள் எழுத்தில் இருந்திருக்கிறது.

டொக்டரிடம் கொண்டு ஓடினேன். அவர் நான்கு அட்டைகளிலும் இருந்த கையெழுத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“மூண்டாவது நான் எழுதினது,” என்றார் மெதுவாக. “அண்டைக்கு மற்றதுகள் என்ர மேசையில இருக்கேல்லை. உடன கூப்பிடுங்கோ.”

தொலைபேசியில் தவமலர் தயங்கினார். “போன முறையும் இருமலுக்குக் குளிசைதானே தந்தவை? கடலும் அடிக்குது. பிறகு வாறன்.”

“இல்லை அக்கா, டொக்டர் உங்களைத்தான் பாக்கவேணும் எண்டு இருக்கிறார். நாளைக்கு முதல் படகில வாங்கோ.”

வந்தார். சளிப் பரிசோதனையில் காசநோய் என்று தெரிந்தது. அவருடைய இரண்டு பிள்ளைகளையும் சோதித்தார்கள், அவர்களுக்குத் தொற்றவில்லை. ஆறு மாத மருந்து முடிந்து வந்த அன்று நிறை 52. அட்டைகள் நான்கும் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்த கோப்பைப் பார்த்து, “இவ்வளவும் என்னைப் பற்றியோ?” என்று வியந்தார்.

“ஓம் அக்கா,” என்றேன். எனக்கும் அந்த வியப்பு தீர்ந்திருக்கவில்லை.

காகிதம் பத்திரமாக இருந்தால் என் வேலை முடிந்தது என்று பதினேழு வருடம் நினைத்திருந்தேன். இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான். புது அட்டை எழுதமுன், “முந்தி இங்க வந்தனீங்களோ?” என்று கேளுங்கள். இல்லை என்று சொன்னாலும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.