உண்ணாமலைக்குத் திருஷ்டி

போன வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டு மீனுக்குத் திருஷ்டி சுற்றினோம்.

சிரிக்காதீர்கள்! ஜாடிக்குள் வாயைத் திறந்து மூடும் தங்க மீன் இல்லை இது. ஓர் அடிக்கு வளரும் கடல் மீன். 'பேர்ட் ராஸ்' என்பார்கள். மீன்கொத்திக்கு இருப்பதுபோல நீண்ட மூக்கு. அதைப் பாறை இடுக்கில் நுழைத்து இறால் துண்டை உருவும் அழகு இருக்கிறதே... சீரியல் ஓடும்போதுகூட என் மனைவி தலையைத் திருப்புகிறாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

செங்கம் ரோட்டில் கடல் மீனா? எல்லோரும் கேட்ட கேள்விதான். கடலைப் பார்க்க நாங்கள் பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போக வேண்டும். அதனால் என்ன? ஆர்.ஓ. தண்ணீரில் கடல் உப்புப் பொடியைக் கரைத்து, மோட்டாரில் அலை எழுப்பி, அக்னித் தலத்தில் ஆறடி நீளத்துக்கு ஒரு கடல் வைத்திருக்கிறேன்! கரண்ட் போனால் எங்களுக்கு ஃபேன் நிற்கும். தொட்டிக்கு மட்டும் இன்வெர்ட்டர்.

வாங்கும்போது பழுப்பும் மஞ்சளுமாக இருந்தது. "பொம்பள மீனு சார்" என்றார் கொளத்தூர் கடைக்கார அம்மா. பெண் என்று தெரிந்தபின் இந்த ஊரில் பெயர் தேடி அலைய வேண்டுமா? அம்மன் பெயரையே வைத்துவிட்டாள் மனைவி — உண்ணாமலை. பௌர்ணமியன்று எங்கள் வீட்டில் அசைவம் கிடையாது. உண்ணாமலைக்கு மட்டும் விலக்கு.

அந்தப் பௌர்ணமியில்தான் வினையே வந்தது. கிரிவலம் வந்த உறவுக்காரர்கள் மொத்தப் பேரும் தொட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். வேலூரிலிருந்து வந்த மனைவியின் பெரியம்மா கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "இன்னாடி இது, இம்மாம் அழகா கீது!" என்று வாயைப் பிளந்தார்.

அதற்குப் பிறகு உண்ணாமலை கறுக்கத் தொடங்கினாள். முதலில் தலை. அப்புறம் முதுகு. சாப்பாடும் கம்மியானது. உப்பைச் சோதித்தேன், அமோனியாவைச் சோதித்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. கடலில் சிவனே என்று இருந்த உயிரைக் கொண்டுவந்து, நடு ஹாலில் வைத்துச் சாகடிக்கிறேனா?

"நீங்க டெஸ்ட் பண்ணது போதும். பெரியம்மா கண்ணு பட்டுடுச்சுங்க" என்று கற்பூரத்தோடு வந்தாள் மனைவி.

நான் பகுத்தறிவு பேசுகிற ஆள்தான். ஆனால் அன்று என் வாயில் வந்தது இது மட்டும்: "தள்ளி நின்னு சுத்து. புகை தண்ணியில எறங்கிடப் போவுது!"

தலையைச் சுற்ற வேண்டுமே... தலை எங்கே நிற்கிறது? வெளிச்சத்தைப் பார்த்ததும் அது இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பறந்தது. தட்டும் கையுமாக இவளும் கூடவே ஓடினாள். "ஒரு எடத்துல நில்லேண்டி!"

மறுநாள் இன்னும் கறுப்பு. மனசு விட்டுப்போய், வீடியோ எடுத்துக் கடைக்கார அம்மாவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"எதுக்கு சார் அழுவுற மாதிரி பேசுறீங்க? அது ஆம்பளயா மாறுது சார்! இந்த வகையே அப்டித்தான். பெருசானா சிலது மாறிடும். நல்லா லைட்டப் போட்டுப் பாருங்க, கறுப்பா அது?"

ஓடிப்போய் லைட்டைப் போட்டேன். கறுப்பே இல்லை. நீலம்! மயில் கழுத்து நீலம், துடுப்பு ஓரத்தில் இளம்பச்சைக் கோடு... நான் கரைத்த உப்புத் தண்ணீரில், என் ஹாலில், இப்படி ஓர் அதிசயம்! சாகவில்லை ஐயா, ஜம்மென்று வளர்ந்திருக்கிறது! கண் கலங்கிவிட்டது எனக்கு. வீட்டில் யாராவது கொஞ்சம் மாறினாலே உடம்புக்கு என்னவோ என்று ஏன்தான் பதறுகிறோமோ?

சரி, ஆணுக்கு உண்ணாமலை என்ற பெயர் பொருந்துமா? எங்கள் ஊரில் அது ஒரு பிரச்சினையே இல்லை. ஒரே எழுத்து. உண்ணாமலை — அண்ணாமலை! மனைவியே மாற்றிவிட்டாள்.

சிக்கல் என்னவென்றால், என் பெயரும் அண்ணாமலைதான்.

கல்யாணமான நாள் முதல் அவள் என் பெயரைச் சொன்னதில்லை. ஆஸ்பத்திரி கவுண்ட்டரில் கணவர் பெயர் கேட்டபோது ஜன்னல் வழியாக மலையைக் காட்டியவள் அவள். இப்போதோ நாளெல்லாம் அதே பெயர்தான், கூசாமல்!

இன்று காலையும் இறால் கிண்ணத்தோடு தொட்டி முன்னால் நின்று அதட்டிக்கொண்டிருந்தாள். "டேய் அண்ணாமல! துன்னது போதும். மூஞ்ச நீட்டிக்கினு நிக்காத, போடா அந்தாண்ட!"

மீன் அசையவே இல்லை. நான்தான் எழுந்து போனேன்.